வெட்டாத காசு

புதிதாக ஆள் சேர்த்துச் செட்டுக் கட்டிக்கொண்டு காப்பிப் பறிப்புக்குப் போகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பழம் எப்படிப் பறிப்பது என்று சொல்லப் போவதில்லை. அதைச் செடியே சொல்லிக்கொடுக்கும். காது கொடுக்காதவளுக்கு எறும்பு கடித்துச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் கூலியை எப்படிக் கேட்பது என்று எந்தச் செடியும் சொல்லாது. செட்டைக் கூட்டிக்கொண்டு போகிற மேஸ்திரி நீங்கள். தோட்டத்துக்காரர் கூலி தராவிட்டால் உங்கள் செட்டுப் பெண்கள் அவரைத் திட்ட மாட்டார்கள். உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

நானும் மேஸ்திரியாக இருந்து, முட்டி தேய்ந்து உட்கார்ந்தவள்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. எண்களை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்குமேல் கேட்டால் தலையைச் சொறிவேன். சட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கோடு. அதை ஒரு போலீஸ் ஏட்டு சொல்லித் தந்தார். நாங்கள் கோட்டைத் தாண்டிய மறுநாள் சொல்லித் தந்தார். போலீஸ்காரர்கள் எப்போதும் அப்படித்தானே வருவார்கள்.

எனக்கு முன்னால் எங்கள் செட்டுக்கு மேஸ்திரியாக இருந்தவள் கரடியூர்க்காரி. எல்லாரும் அவளை அக்கா என்போம். கூலி கேட்பதில் அவளைப் போல இன்னொருத்தி இந்த மலையில் பிறக்கவில்லை. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர், மாதா கோயிலில் முன்வரிசைக்காரர், எங்கள் கூலியை இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். அக்கா எங்களையெல்லாம் குளித்து, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் குடும்பத்தோடு வெளியே வரும்போது வாசலில் வரிசையாக நின்றோம்.

"தோத்திரமுங்கய்யா" என்றாள் அக்கா.

நாங்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக, "தோத்திரமுங்கய்யா" என்றோம். வேறு வார்த்தை கிடையாது. அடுத்த ஞாயிறும் போய் அதையே சொன்னோம். சாமியார் அவரிடம், "இவங்க யாருங்க, இத்தனை பிரியமா இருக்காங்க?" என்று விசாரித்தார். அந்த வாரமே தோட்டத்துக் கணக்கெழுதுகிற ரைட்டர் கூலியைக் கொண்டுவந்து எண்ணி வைத்தார். தோத்திரம் சொன்னதற்கு எந்தக் கோர்ட்டிலும் கேஸ் எடுக்க முடியாது.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். ஆனால் அக்காவுக்கு அன்றைக்கு ஒரு ருசி தட்டிவிட்டது. மனுஷனுக்குக் காசைவிடப் பெரிய பயங்கள் இருக்கின்றன என்று கண்டுகொண்டாள். அந்த ருசி எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இந்தக் கதையை எடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்துக்காரர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்தின் காப்பியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மலைக்காற்று நல்லது என்று அம்மாவையும் பெண்டாட்டியையும் கூட்டிவந்து தோட்டத்துப் பங்களாவில் குடிவைத்தார். பெண்டாட்டி பிள்ளை உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. அந்தம்மா, அதுதான் மாமியார், மருமகளைத் தரையில் நடக்க விடாத குறை. காதில் பெரிய கல்லுக் கம்மல் போட்டுக்கொண்டு, எங்களைக் கண்டால் மோர் ஊற்றித் தருவார். நல்ல மனுஷி.

குத்தகைக்காரர் முதலில் ஒழுங்காகத்தான் கூலி கொடுத்தார். பிறகு, "கடைசியில மொத்தமா வாங்கிக்கங்க" என்றார். பறிப்பு முடிந்தது. காப்பி களத்தில் காய்ந்து மூட்டையாகி அடுக்கில் ஏறியது. கூலி மட்டும் வரவில்லை. "வெலை எறங்கிப்போச்சும்மா, சனிக்கிழமை லாரி வருது, சரக்கு வித்ததும் தர்றேன்" என்றார்.

லாரி மலை இறங்கினால் அவரும் அதோடு இறங்கிவிடுவார். அது எங்களுக்குத் தெரியும். எங்கள் செட்டில் அந்தக் கூலியை நம்பி ஒருத்தி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். இன்னொருத்தி புருஷனைச் சேலத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தாள். தினமும் விடிந்தால் செட்டுப் பெண்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கேட்க மாட்டார்கள். சும்மா நிற்பார்கள். அதுதான் கொடுமை.

வியாழக்கிழமை காலை அக்கா செட்டைக் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனாள். குத்தகைக்காரர் மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, கூலியக் குடுத்துட்டு லாரிய ஏத்துங்க" என்றாள் அக்கா.

"அதான் சொன்னனே, சனிக்கிழமை."

"லேபர் ஆபீசுக்குப் போவமுங்க."

"போயிட்டு வா. பஸ்ஸு இருக்குது."

அதுவரைக்கும் அக்கா பேசியதில் ஒரு பிசகும் இல்லை. அந்தப் பஸ்ஸில் அன்றைக்கே ஏறியிருக்க வேண்டும். அக்கா ஏறவில்லை. இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு ரூபாய்க் காசை எடுத்து, அவர் முன்னால் மூட்டைமேல் வைத்தாள்.

நம் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். பேரன் பேத்திகள் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். நியாயம் கிடைக்காதவர்கள் சாமி கோயிலுக்குப் போய் ஒரு காசை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு வழக்கு சாமியுடையது. எதிராளியின் குடும்பம் அந்தக் காசு மாதிரி ஆகும் என்பது நம்பிக்கை. வெட்டிய காசை எடுத்து மன்னிப்புக் கேட்டால்தான் அது நிற்கும். நம்பாதவர்கள் சிரிக்கலாம். நம்புகிறவர்களுக்கு அன்றிலிருந்து தூக்கம் கிடையாது.

"சனிக்கெழமைக்குள்ள கூலி வரலீன்னா, இந்தக் காச மலமேல சாமி மரத்தடியில வெட்டிப் போட்டுருவனுங்க. அப்பறம் உங்க ஊட்டுல எது தங்கும், எது தங்காதுன்னு எனக்குத் தெரியாது" என்று காசைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் அக்கா.

குத்தகைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "கூலியும் வரல, கையில இருந்த ஒரு ரூபாயும் போகுதா உனக்கு?"

நல்ல கேலிதான். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் என் கண் பங்களா ஜன்னலுக்குப் போனது. அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்குச் சொன்ன சொல்லோ, அது போக வேண்டாத காதுக்குப் போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் அந்தம்மா தனியாக, சறுக்குகிற மண்பாதையில் குடைக் கம்பை ஊன்றிக்கொண்டு, எங்கள் குடிசைப் பக்கம் வந்தார். அக்காவும் நானும் விறகு கட்டிக்கொண்டிருந்தோம். அந்தம்மா பேசுவதற்கு முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அந்தக் கல்லுக் கம்மல்.

"இத வெச்சுக்க சாமி. என் மகன் மடையன். அவன் சொன்னத மனசுல வெச்சுக்காத. காசு மட்டும் வெட்டாத. என் மருமக வவுத்துல இருக்கறது எதுவும் பண்ணல."

நான் அக்கா கையைப் பிடித்தேன். "அக்கா, கூலி அவரு தரோணும். இவங்க எதுக்குத் தரோணும்?"

"கூலி எந்தக் கையில வந்தா என்ன" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்மலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவங்க நம்மகிட்ட கடன்பட்டவங்க இல்லக்கா."

"நீ வெறகக் கட்டு."

அக்கா கம்மலை வாங்கிக்கொண்டாள். அந்தம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அக்காவைவிட எவ்வளவோ மூத்தவர். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் திரும்பிப் போகும்போது காது மடல் இரண்டும் இழுபட்டு ஓட்டையாகத் தொங்கின. அதைப் பார்த்தபோது, யாரோ ஒருவரைத் துணியில்லாமல் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அக்கா அதைத் தனக்கென்று நினைக்கவில்லை. அடகு வைத்துக் கூலியைப் பங்கு போடுவது, மிச்சத்தை அந்தம்மாவிடமே கொடுத்துவிடுவது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கை அவள் அந்தம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் மகன் அம்மாவின் காதைப் பார்த்துவிட்டார்.

அவர் பிராது கொடுக்க, அன்றைக்கே ஏட்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அக்காவும் நானும் போனோம். குத்தகைக்காரர் ஸ்டேஷன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்தார். அந்தம்மா ஓரத்தில் தலைக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். ஏட்டு கேட்பதற்கு முன்னாலேயே அக்கா கம்மலை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"மிரட்டி வாங்கினியாமே?" என்றார் ஏட்டு.

"கூலி கேட்டனுங்க."

அந்தம்மா முக்காட்டுக்குள் இருந்து, "அவ கேக்கவே இல்லீங்க. நானாத்தான் குடுத்தேன்" என்றார்.

மகன் திரும்பி முறைத்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அந்தம்மாவே காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். ஏட்டு அவரிடம் குரலை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிரியப்பட்டுக் குடுத்தீங்களா, பயந்து குடுத்தீங்களா?"

 அந்தம்மாவின் வலது கை எழுந்து காதைத் தொட்டது. தொட்டுவிட்டு வயிற்றில் போய் நின்றது. பிள்ளை இருப்பது மருமகள் வயிற்றில். கை போனது இவர் வயிற்றுக்கு.

ஏட்டு அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"இத பாரம்மா. கூலி உன்னுது. கேளு. தெனமும் போயிக் கேளு. நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயிக் கேளு. லேபர் ஆபீசுல எழுதிக் குடுப்பேன்னு சொல்லு, கோர்ட்டுக்குப் போவேன்னு சொல்லு. அதும் பயங்காட்டறதுதான். ஆனா அது சட்டம் உங்கையில குடுத்த பயம், அத நீ காட்டலாம். குடும்பம் வெளங்காது, புள்ள தங்காதுங்கறது நீயாப் பண்ணின பயம். அதக் காட்டிக் கையில வாங்கினது கூலி ஆகாது. அதும் உனக்குக் கடன்படாத ஆளுகிட்ட."

"சாமி பேரத்தானுங்க சொன்னேன். சாமிக்கும் ஸ்டேஷனுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சாமி பேரச் சொல்லி மெரட்டறதுக்கும் சட்டத்துல தனியா எடம் வெச்சிருக்கறான். வெள்ளக்காரன் உன்ன மாதிரி ஆளுகளப் பாத்துட்டுத்தான் எழுதியிருப்பான்."

"கூலி போக மிச்சத்தத் திருப்பிக் குடுக்கலாம்னு இருந்தனுங்க."

"அவங்ககிட்டச் சொன்னியா?"

"மனசுல நெனச்சேன்."

"மனசுல நெனச்சதுக்குச் சாட்சி யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். கம்மலை வாங்கிக்கொண்டு குடிசைக்குள் போகும்போது அவள் அதை என்னிடம் சொல்லியிருந்தாள். நான் சொன்னேன். ஏட்டு தலையாட்டினார். கூடப் பிறக்காத குறையாகத் திரிகிறவளின் சாட்சிக்கு அந்தத் தலையாட்டல்தான் மதிப்பு.

அப்போது குத்தகைக்காரர் காலை இறக்கிப் போட்டார். "எனக்கு எதுக்குங்க கோர்ட்டு, கேஸு. கம்மல் வந்துருச்சு. கூலி பாக்கி ஒண்ணுமில்லைன்னு ரேகை வெச்சுக் குடுக்கட்டும், நானும் வாபஸ் வாங்கிக்கறேன். இல்லைன்னா ஜெயிலுக்குத்தான் போகோணும்."

என் வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க ஏட்டய்யா, ஒரு சந்தேகம். இவரு இப்ப ஜெயிலக் காட்டி எங்க கூலியப் புடுங்கறாரே, இது எந்தக் கணக்குல வரும்?"

ஏட்டு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். பதில் வரவில்லை. டீ வந்தது.

குடித்து முடித்துவிட்டு, "இத நீ வியாழக்கெழமையே கூலி பாக்கின்னு எழுதிக் குடுத்திருந்தா, இன்னைக்கு அந்தப் பெஞ்சுல கால்மேல கால் போட்டு ஒக்காந்திருப்பே" என்றார். அவரும் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

அக்கா ரேகை வைத்தாள். சனிக்கிழமை லாரி எங்கள் கண் முன்னாலேயே ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது. கல்யாணம் தள்ளிப் போனது. ஆஸ்பத்திரியில் இருந்தவனைப் பாதியில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நியாயம் முழுக்க எங்கள் பக்கம் இருந்தது. அந்த ஒரு ஜோடிக் கம்மலால் அத்தனையும் அந்த ஆள் பக்கம் போய்ச் சேர்ந்தது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது அந்தம்மா அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "வெட்டலதானே சாமி?"

"வெட்டலீங்க. சத்தியமா வெட்டல."

"நெசமா?"

"நெசமுங்க."

அந்தம்மா தலையாட்டினார். ஆனால் முகம் ஒத்துக்கொள்ளவில்லை. பயந்து கேட்கிறவளுக்கு எந்தப் பதிலும் போதாது.

செட்டுப் பெண்கள் அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த பறிப்புக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். அவள் கரடியூரில் தம்பி காட்டில் சாமை விதைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். மேஸ்திரி வேலை என் தலையில் விழுந்தது. நான் கூலி கேட்கப் போனால் பகலில் போவேன், நாலு பேரோடு போவேன், கடன்பட்டவரிடம் மட்டும் கேட்பேன், லேபர் ஆபீசுக்குப் போவேன் என்று சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறுவேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பியூனுக்கு நான் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டேன். மெதுவாகத்தான் வரும். வந்த கூலியை யாரும் திரும்ப வாங்கிக்கொண்டு போனதில்லை.

இதோடு நிறுத்தினால் பாடம் முடிந்தது. கதை முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். நான் ஒரு அமாவாசைக்கு மலைமேல் சாமிக்கு விளக்குப் போடப் போனேன். மரத்தடியில் ஒரு வயசான அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் சருகைக் கிளறிக்கொண்டிருந்தார். காது மடலைப் பார்த்ததும் யாரென்று தெரிந்தது. கம்மல் இல்லை. திரும்பக் கிடைத்தும் போடவில்லை போல.

"என்னங்கம்மா தேடறீங்க?"

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். கோபமில்லை. "காசுதான் கண்ணு. ரெண்டா வெட்டின காசு. பேரன் பொறந்தான், நல்லாத்தான் இருக்கறான். ஆனா மாசத்துக்கு ஒருக்கா காச்ச வந்து அப்பிடியே துவண்டு போறான். சேலத்துல பாக்காத டாக்டர் இல்ல. அமாவாசைக்கு அமாவாசை வந்து பாக்கறேன். மண்ணு மூடியிருக்கும்."

"அக்கா வெட்டவே இல்லீங்கம்மா. நான் கூடவே இருந்தேன்."

"நீ நல்லவ. அப்பிடித்தான் சொல்லுவ."

கொஞ்ச நேரம் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சருகைக் கிளறினேன். இல்லாத காசை எத்தனை நேரம் தேடுவது. கம்மலை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பயத்தைத் திருப்பி வாங்க எங்களுக்கு வழி தெரியவில்லை.

நேரே கரடியூர் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு ரூபாக் காசு வெச்சிருக்கறயா?"

"எதுக்குக்கா, வெத்தலைக்கா?"

"குடு."

கொடுத்தேன். தம்பியின் உளியை எடுத்து, அம்மிக்கல்மேல் காசை வைத்து, சுத்தியலால் இரண்டே அடி. காசு இரண்டாகி ஒரு துண்டு சாமைக்குள் போய் விழுந்தது. தேடி எடுத்துக் கொஞ்சம் சாணியும் மண்ணும் போட்டுத் தேய்த்தாள்.

"அக்கா, இதக் கொண்டுபோயிக் குடுத்தீன்னா, அன்னைக்கு ஸ்டேஷன்ல நீ பொய் சொன்னேன்னு ஆயிரும்."

"ஆகட்டும்."

"நம்ம செட்டு முழுக்க நம்பும். செத்தாலும் அந்தப் பேரு போவாது."

"அந்தம்மா சாகறதுக்குள்ள அவங்க தூங்கோணும். நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்புடாது."

அடுத்த அமாவாசைக்கு இரண்டு பேரும் போனோம். அந்தம்மா குச்சியோடு மரத்தடியில் இருந்தார். அக்கா அவர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்தாள்.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டனுங்கம்மா. வெட்டித்தான் போட்டிருந்தேன். இப்ப எடுத்துட்டேன். சாமிகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். இனி ஒண்ணும் இல்லீங்க."

அந்தம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இரண்டு துண்டையும் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். "ஏன் சாமி இத்தன வருசம் விட்டுட்ட?" என்று மட்டும் கேட்டார். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டார், அன்றைக்குக் கம்மலை முடிந்து வந்த மாதிரியே. மேலே நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அப்படி ஒரு மூச்சை அவரிடமிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பேரனுக்குக் காய்ச்சல் நின்றதா என்று எனக்குத் தெரியாது. அந்தம்மா அதற்குப் பிறகு மலைக்கு வரவில்லை. அது தெரியும்.

நான் பயந்தபடியே நடந்தது. "அப்பவே தெரியும், வெட்டியிருப்பான்னு" என்று செட்டுப் பெண்கள் பேசினார்கள். அக்கா போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். சாவுக்கு வந்தவர்கள்கூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன். அவள் தப்பு செய்தாள், அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் பேரில் பேசுகிற தப்பு அவள் செய்தது இல்லை.

அந்தம்மாவிடம் காசைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு மலை இறங்கும்போது நான்தான் பேச்சைத் தொடங்கினேன். காசில் போட்டிருக்கிற வருஷத்தை வாசிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கிறதே.

"அக்கா, அது இப்பப் புதுசா வந்த சின்னக் காசு. அந்தச் சண்டை நடந்தப்ப அந்தக் காச அடிக்கவே இல்ல. அந்தம்மா உத்துப் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அக்கா நிற்காமல் நடந்துகொண்டே சொன்னாள்.

"அந்த வருசத்துக் காசு நம்மகிட்ட எங்க இருக்குது? கூலியக் குடுத்திருந்தா இருந்திருக்கும்."